பீரங்கிப் பாதையில் ஏறிய பசு

போன மாதம் வட்டக்கோட்டைக்குப் போயிருந்தேன். இருபத்து மூன்று வருஷம் அங்கே காவலாளியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, வேடிக்கை பார்க்கிற ஆளாக உள்ளே நுழைந்தது அதுதான் முதல் தடவை. நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து விசில் சத்தம். சீருடை போட்ட ஒரு பெண், "அம்மா, புல்லுல மிதிக்காதீங்கோ. பாதை வழியா போங்கோ" என்றாள். அந்தப் புல்லுக்கு எத்தனையோ கோடைக்காலம் தண்ணீர் பிடித்து ஊற்றியவள் நான். ஆனாலும் பாதைக்கு மாறினேன். விசிலை நன்றாகத்தான் ஊதினாள். கடைசியில் கொஞ்சம் இழுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

நான் யார் என்று தெரிந்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. ஷீபா என்று பெயர். வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்க்கா, மேல கொத்தளத்தில ஒரு மாடு கன்னு போட்டுதாமே? டீக்கடைக்காரரு சொல்லுகாரு. நாங்க அவரு சும்மா அளக்காருன்னுல்லா நெனச்சோம். உள்ளதா?"

"உள்ளதுதான் மக்கா" என்றேன். பாதி சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இதே கோட்டையில்தான் காவலாளியாக இருந்தார். மஞ்சள்காமாலையில் போய்விட்டார். கருணை அடிப்படையில் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அதுவரை எனக்கிருந்த காவல் அனுபவம், மொட்டைமாடியில் காயப்போட்ட வத்தலைக் காக்காயிடமிருந்து காத்ததுதான். இங்கே காக்க வேண்டியது கருங்கல். காக்காயின் இடத்தில் மனிதர்கள்.

வருகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். முதல் கேள்வி, "வட்டக்கோட்டைன்னு சொல்லுகிய, வட்டம் எங்க?" கோட்டை நீளச் சதுரமாக இருக்கிறது, நான் என்ன செய்ய முடியும்? இரண்டாவது, "இங்கேயிருந்து அரண்மனைக்குச் சுரங்கம் போகுதாமே, அது எங்க?" மூன்றாவது, "கக்கூஸ் எங்க?" மூன்றாவது கேள்விக்கு மட்டும் என்னால் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் தாணுலிங்கம் சார். சுசீந்திரத்துக்காரர். எங்கள் பகுதிக் கோட்டைகளுக்கும் பழைய கட்டடங்களுக்கும் பராமரிப்பு அதிகாரி. வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. வந்ததும் யாரிடமும் பேசமாட்டார். மதிலைச் சுற்றி ஒரு நடை நடந்து, கல்லுக்குக் கல் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான், "நல்லா இருக்கியளா ரெத்தினபாய்?" என்று என்னைக் கேட்பார். அவரிடம் எனக்கு இருந்த இடம் இரண்டாவது இடம் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

அவர் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது செடி. கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் எனக்குக் கை பரபரக்கும், பிடுங்கி எறிய. சார் விடமாட்டார். "பிடுங்கினா செடி மட்டுமா வரும்? கல்லும் கூட வரும். கிள்ளணும். கிள்ளி, வெட்டுவாயில மருந்து தேய்க்கணும். தேய்ச்ச தேதியை எழுதணும். பொறவு காத்திருக்கணும்." புல்லானாலும் இதே பேச்சுதான். கிள்ளு, பிடுங்காதே.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கோபப்படாததே பெரிய தண்டனை. ஒரு முறை ஒருவர் சாவியால் மதிலில் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தார். நான் விசில் ஊதிப் பிடித்துக்கொண்டு போய் சார் முன்னால் நிறுத்தினேன். சார் கீறலைப் போய்ப் பார்த்தார். 'செல்லக்கன்ன' வரைக்கும் முடிந்திருந்தது.

"உம்ம பேரா?"

"ஆமா சார். செல்லக்கண்ணன்."

"கண்ணனுக்கு மூணுசுழியில்லா வரணும். நீரு ரெண்டுசுழி போட்டிருக்கீரே. இந்தக் கல்லு இன்னும் முந்நூறு வருஷம் நிக்கும். அம்புட்டு காலமும் நீரு தப்பாத்தான் நிக்கணுமா?"

அதன் பிறகு அவரை உட்காரவைத்து, மலையில் கல்லை எப்படிப் பிளந்தார்கள், எப்படி இழுத்து வந்தார்கள், இரண்டு கல்லுக்கு நடுவில் எதை வைத்துப் பூசினார்கள் என்று முக்கால் மணி நேரம் அமைதியாக விளக்கினார். பாதியிலேயே அந்த ஆள் எழுந்து கும்பிட்டு, "சார், என்னப் போலீஸ்ல குடுத்திருங்க" என்று கேட்டார். சார், "இன்னும் சுண்ணாம்பு பாக்கி இருக்கு, இரியும்" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் அந்தப் பெரிய தப்பைச் செய்தேன்.

அது ஒரு தை மாதம். சென்னையிலிருந்து எங்கள் துறையின் பெரிய அதிகாரி வருவதாகவும், கூடவே டச்சு நாட்டிலிருந்து ஒரு பேராசிரியை வருவதாகவும் தகவல். இந்தக் கோட்டையை இன்றுள்ள மாதிரி எடுத்துக் கட்டியது, திருவிதாங்கூர் ராஜாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அவருக்கே தளபதியான ஒரு டச்சுக்காரர். அந்த மதிலை அளந்து ஆராய்வதற்காக அந்த அம்மா அத்தனை தூரத்திலிருந்து வருகிறார். சார் முந்தின நாளே எனக்குப் பதினொரு வேலைகளை எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்தாவது, டீக்கடையிலிருந்து நாலு நாற்காலி. மற்ற பத்தையும் முடித்துவிட்டேன். வாசலில் 'நல்வரவு' என்று ஃபிளெக்ஸ் பேனர்கூடக் கட்டியாகிவிட்டது. நாற்காலியை மட்டும் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கதவைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது. கதவைச் சும்மா சாத்திவிட்டு, சங்கிலி போடாமல் ஓடினேன். டீக்கடையில் ஆடாத நாற்காலியாக நாலு பொறுக்குவதற்குக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்து நாற்காலியை இறக்கிவைத்து நிமிர்ந்து பார்த்தால், கடல் பக்கத்துக் கொத்தளத்தில் இரண்டு கொம்பு தெரிகிறது.

பசு. சொர்ணம் என்ற பெண் கோட்டைக்கு வெளியே மேய்க்கிற பசு, பெயர் மாளு. நிறைசினை.

மதில் மேலே பீரங்கியை இழுத்து ஏற்றுவதற்காக உள்ளே ஒரு சரிவான பாதை உண்டு. அதன் வழியாகத்தான் ஏறியிருக்கிறது. நான் ஓடிப்போய் சொர்ணத்தைக் கூட்டி வந்தேன். அவள் சரிவில் நின்றுகொண்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் காட்டி, "எறங்கு மக்கா, எறங்கி வாட்டி" என்று கெஞ்சினாள். மாளு சரிவின் உச்சி வரைக்கும் வந்து, கீழே எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, திரும்பிக் கொத்தளத்துக்கே போய்விட்டது.

ஒன்பது மணி பஸ்ஸில் சார் வந்தார். அன்றைக்கு மதிலைத் தொட்டுப் பார்க்கவில்லை. குடையை ஊன்றி நின்று மேலே பார்த்தார்.

"இது எப்ப ஏறிச்சு?"

"எட்டரைக்கும் எட்டேமுக்காலுக்கும் எடையில சார்."

"எந்த வழி?"

"பீரங்கிப் பாதை வழியா."

"ஏறும். பீரங்கியே ஏறின பாதையில்லா." பாதையை ஒருமுறை பார்த்தார். "எறங்குமா?"

"மாட்டேங்குல்லா சார்."

அதற்குள் ஒரு வேன் நிறைய சுற்றுலாக்காரர்கள் வந்துவிட்டார்கள். நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு, பசுவோடு படம் எடுக்க மேலே ஓடினார்கள். பழக்கத்தில் கை தானாக விசிலுக்குப் போய்விட்டது. ஊதிவிட்டேன். மாளு மிரண்டு துள்ளி, ஒரு முன்னங்காலைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டது. அந்தப் பக்கம் இருபது இருபத்தைந்து அடி பள்ளம், கீழே கறுப்பு மணலும் பாறையும் கடலும். சொர்ணம் "எம் மாளே!" என்று அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாளு தானாகவே காலை எடுத்துப் பின்னால் வைத்தது. சார் என் பக்கம் கையை நீட்டினார்.

"ரெத்தினபாய், அந்த விசிலக் கழத்தி எங்கையில தாங்க."

கொடுத்தேன். தாலி கழற்றின நாளுக்குப் பிறகு என் கழுத்து அவ்வளவு வெறுமையாக இருந்தது அன்றைக்குத்தான்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சுவரில் கயிறு கட்டி இறக்கலாம் என்றார் ஒருவர். "கயிறு ஒரசினா கல்லு தேயும்" என்றார் சார். காற்றாலைக்காரர்களிடம் கிரேன் இருக்கும், கேட்கலாம் என்றார் இன்னொருவர். சார் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஆள் வேனிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். மாட்டு டாக்டருக்குப் போன் போட்டோம். அவர் ஏதோ முகாமில் இருந்தார், வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார். அப்போதுதான் மாளு கொத்தளத்தின் மூலையில் மெதுவாகப் படுத்தது. சொர்ணம் எழுந்து பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இதுக்கு நோவு எடுத்திட்டுல்லா! இன்னும் எட்டு நாளு கெடக்குன்னு சொன்னாரே டாக்டரு!"

சரியாக அந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது.

சென்னை அதிகாரி இறங்கியதும் மேலே பார்த்தார். "என்ன சார் இது?"

"பசு சார்" என்றார் சார்.

"அது தெரியுது. மேல என்ன பண்ணுது?"

"பிரசவம் சார்."

அதிகாரியின் முகம் சிவந்தது. "நினைவுச் சின்னத்து மேலயா? உடனே அப்புறப்படுத்துங்க!"

சார் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். உண்மையாகவே எடுத்தார். நின்ற நிலையிலேயே நாலு பக்கம் புரட்டினார். "மேய்க்கப்படாதுன்னு இருக்கு சார். சமைக்கப்படாதுன்னு இருக்கு. கூட்டம் போடப்படாதுன்னு இருக்கு. பிரசவத்தப் பத்தி ஒண்ணும் இல்ல. பாதியில எழுப்பினா அது சுவரத் தாண்டி வெளிய சாடும். சாடினா பசுவும் போகும், கைப்பிடிச் சுவரும் போகும்." பசுவையும் சுவரையும் அவர் ஒரே குரலில் சொன்னார். இரண்டும் அவருக்கு ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த டச்சுக்கார அம்மா, அளக்கிற நாடாவோடு சரிவில் ஏறிப் போய்விட்டார். அறுபது வயதிருக்கும். நல்ல உயரம், பஞ்சுபோன்ற தலை. மாளுவின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, அதிகாரியைக் கைகாட்டிக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் என்னமோ சொன்னார். அதிகாரிக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

"அவங்க என்ன சொல்றாங்கன்னா... அவங்க அப்பா மாட்டுப் பண்ணை வெச்சிருந்தாராம். சின்ன வயசுல நிறைய பாத்திருக்காங்களாம். நேரம் வந்தா பசு தனியா, அமைதியா ஒரு எடம் தேடிப் போகுமாம். அதான் ஏறியிருக்கு. இப்ப... கன்னுக்குட்டியோட ஒரு கால் வெளியே தெரியுது. இன்னொரு கால் உள்ள மடங்கிக் கெடக்காம். டாக்டர் வர்ற வரைக்கும் தாங்காதாம்."

சொர்ணம் அந்த அம்மாவின் காலைப் பிடிக்கப் போனாள். "எம்மா, எனக்கு இருக்கியது இது ஒண்ணுதான். எப்படியாவது காப்பாத்திருங்கோ." இதை மொழிபெயர்க்க அதிகாரி தேவைப்படவில்லை.

அந்த அம்மா சோப்பும் தண்ணீரும் கேட்டார். கொண்டுவந்தேன். எண்ணெய் கேட்டார். டீக்கடையிலிருந்து தேங்காயெண்ணெய் வந்தது. முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டி, எண்ணெயைப் பூசி, கையை உள்ளே விட்டார். சார் குடையை விரித்து வெயில் படாமல் அந்த அம்மாவுக்குப் பிடித்தார். ஆனால் முகத்தை மட்டும் கடல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். கூச்சம். குடை அசையவே இல்லை.

மாளு கத்தியது. சொர்ணம் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் போனதோ, அந்த அம்மா பல்லைக் கடித்து, கண்ணை மூடி, உள்ளே எதையோ தேடித் தேடி, கடைசியில் கண்ணைத் திறந்து சிரித்தார். மடங்கிய கால் நிமிர்ந்துவிட்டது. சொர்ணத்தின் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை வாங்கி, கன்றின் இரண்டு காலிலும் சுற்றி, ஒரு முனையை என் கையில் கொடுத்தார். பசுவுக்கு நோவு வரும்போது இழுக்கணும், நின்றால் நிறுத்தணும். அதிகாரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்: "இப்ப இழுங்க... நிறுத்துங்க... இழுங்க..." போகப் போக அவருக்கே ஆவேசம் வந்துவிட்டது. ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, மாளுவைப் பார்த்து, "முக்கும்மா! முக்கு! அவ்ளோதான், இன்னும் கொஞ்சம்!" என்று கத்தினார். சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்.

கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கறுப்பு, நெற்றியில் வெள்ளை. ஆனால் அசையவில்லை. மூச்சு இல்லை. அந்த அம்மா வாயையும் மூக்கையும் துடைத்துவிட்டு, விரலைக் குறுக்கிக் காட்டி அவசரமாக எதையோ கேட்டார். "புல்லு! ஒரு புல்லுத் தண்டு வேணுமாம்!" என்றார் அதிகாரி. நான் கல் இடுக்கில் முளைத்திருந்த புல்லின் மேல் பாய்ந்தேன்.

குடைக்கு அடியிலிருந்து, முகத்தைத் திருப்பாமலேயே, சார் சொன்னார்: "பிடுங்காதீங்க. கிள்ளுங்க."

கிள்ளிக் கொடுத்தேன். அந்த அம்மா அதைக் கன்றின் மூக்குக்குள் விட்டுச் சுழற்றினார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை கன்று பெரிதாக ஒரு தும்மல் போட்டது. சென்னை அதிகாரியின் சட்டை முழுக்கத் தெறித்தது. அவர் அதைத் துடைக்கவே இல்லை. சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் நின்றார்.

அந்த அம்மா சைகையிலேயே சொன்னார்: கன்றை முன்னால் கொண்டுபோனால் தாய் பின்னால் வரும். தூக்க ஏதாவது வேண்டும். வாசலில் கட்டியிருந்த பேனரை அவிழ்த்துக் கொண்டுவந்தேன். கன்றை அதில் கிடத்தி, நாலு மூலையையும் நானும் சொர்ணமும் அதிகாரியும் அந்த அம்மாவுமாகப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினோம். 'நல்வரவு' என்ற எழுத்துக்கு நடுவில் கன்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து ஒரு சீப்புப் பழத்துக்கும் மசியாத மாளு, ஹும் ஹும் என்று முனகிக்கொண்டு, எங்கள் முதுகை முட்டாத குறையாகப் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டது. வேனில் வந்தவர்கள் கைதட்டினார்கள். டாக்டர் வந்தபோது கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

பிறகு கொத்தளத்தைக் கழுவினோம். வெறும் தண்ணீர், மிருதுவான பிரஷ், சோப்பு கூடாது என்று சார் சொல்லிவிட்டார். அந்த அம்மாவும் முட்டிபோட்டு எங்களோடு தேய்த்தார். தேய்த்துக்கொண்டே ஒவ்வொரு கல்லையும் நாடாவால் அளந்து குறித்துக்கொண்டார்.

கதவுக்குச் சங்கிலி போடாதது நான். துறையில் இதற்கு மெமோ கொடுப்பார்கள் என்று தெரியும். வேலை போனால் இரண்டு பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்? மறுநாள் சார் மெமோ கொடுத்தார். விளக்கம் எழுதினேன், ஒளிக்காமல் எழுதினேன். சார் வாசித்து, இரண்டு எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் திருத்திவிட்டு, தன் அறிக்கையை எனக்குக் காட்டினார். அதில், 'காவலாளி என் உத்தரவின் பேரில் நாற்காலி எடுக்கச் சென்றிருந்த வேளையில் பசு நுழைந்தது. பொறுப்பு என்னுடையது' என்று எழுதியிருந்தது.

"சார், நீங்க சொன்னது முந்தின நாளே எடுக்கணும்னுல்லா. நான்தானே மறந்தேன்."

"நாற்காலி எடுக்கச் சொன்னது நான்தான். எப்ப எடுக்கணும்னு நான் எழுதல்ல. பட்டியல எடுத்துப் பாருங்க." பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. "அப்பம் நான் எழுதினது பொய்யில்ல. போயிட்டு வேலையப் பாருங்க."

அதிகாரி அந்த அறிக்கையில் என்ன எழுதினாரோ தெரியாது. மேலிடத்திலிருந்து எதுவும் வரவில்லை.

மூன்றாம் நாள் சொர்ணம் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். சீம்பால். கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டது. ஆய்வு வேலைக்காக அந்த வாரம் சார் தினமும் வந்தார், அன்றும் இருந்தார். அவர் கோட்டைக்குள் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர் என்று எனக்குத் தெரியும், சொர்ணத்துக்குத் தெரியாது. "சாருக்குத்தான் கொண்டுவந்தேன்" என்று வாளியை நீட்டிவிட்டாள். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அவள் பார்க்கவில்லை.

சார் வாளியைப் பார்த்தார். சொர்ணத்தைப் பார்த்தார். எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சொர்ணத்தின் முகம் செத்துப்போயிற்று. சார் வாசலைத் தாண்டி, 'பாதுகாக்கப்பட்ட இடம்' என்று எழுதின பலகையையும் தாண்டி, இன்னும் பத்தடி நடந்து, மணலில் போய் நின்றார். நின்று, எல்லை சரிதானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"இங்க கொண்டாங்க" என்றார். "ரெத்தினபாய், வரும்போ ரெண்டு ஸ்பூன் எடுத்துக்கிடுங்க."